பொங்கல் சிறப்புப் பேருந்தின் ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார்?

தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் மேலாண்மை இயக்குநர்களுக்கும், ஆம்னி பேருந்து உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னதாகத் தாங்கள் ஆண்டுதோறும் ஆலோசனைக் கூட்டம் நடத்துகிறீர்கள். எந்தெந்த நாள்களில் எந்தெந்த ஊர்களுக்கு எத்தனை சிறப்புப் பேருந்துகள் என்ற பட்டியல் மறுநாள் நாளிதழ்களில் வெளிவருகிறது. கூடுதல் கட்டணம் வாங்கினால் புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண்ணும் உடன் வருகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. இலட்சக்கணக்கான மக்களை நான்கைந்து இரவுகளுக்குள் சென்னையிலிருந்து குமரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிய வேலையன்று என்பதை அறிவேன். அதற்காக உழைக்கும் ஒவ்வொருவருக்கும் நன்றியுடையேன். ஆயினும் அந்தப் பட்டியலில் நான் இதுவரை ஒரு முறையும் பார்க்காத கணக்கு ஒன்று இருக்கிறது. இத்தனை பேருந்துகளையும் ஓட்டப்போகிறவர்கள் எத்தனை பேர், ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் அவர்கள் எங்கே படுப்பார்கள், எத்தனை மணி நேரம் தூங்குவார்கள் என்பதே அது. அந்த ஒரு கணக்கைக் கேட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

என் தந்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளியில் படித்த காலம் முழுவதிலும் பொங்கல் அன்று அவர் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. காணும் பொங்கலும் கழிந்து, ஊருக்கு வந்தவர்களைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பும் கூட்டமும் ஓய்ந்த பிறகுதான் வருவார். வந்ததும் குளிக்காமல்கூடத் திண்ணையில் சாய்ந்துவிடுவார். அன்று பகல் முழுவதும் தெருவில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. தூக்கத்தை விரட்ட ஓட்டுநர்கள் கையாளும் முறைகளை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: பச்சை மிளகாயைக் கடிப்பது, நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வது, சன்னல் கண்ணாடியை முழுவதும் திறந்துவிட்டு மார்கழிக் குளிரை முகத்தில் வாங்குவது, நடத்துநரை முன்னால் வந்து உட்காரச் சொல்லி ஏதாவது பேசிக்கொண்டே இருக்கச் செய்வது. இவை எல்லாவற்றையும் செய்த ஓர் இரவில், தொழுதூருக்கு அருகே, சாலையின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் நிற்பதைக் கண்டு அவர் பேருந்தை நட்டநடுவில் நிறுத்திவிட்டார். நடத்துநர் இறங்கிப் பார்த்தபோது அங்கே மரம் எதுவும் இல்லை. விழித்திருந்த கண்ணுக்குள் கனவு புகுந்துவிட்டது. பின்னால் லாரி எதுவும் வராததனால் அந்தப் பேருந்தில் இருந்த அத்தனை பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அது தொடர்ந்து மூன்றாம் இரவாக அவர் ஓட்டிய வண்டி என்பதை ஓய்வு பெற்ற பிறகே எங்களிடம் சொன்னார்.

பண்டிகைக் காலத்து விபத்துச் செய்திகளில் ஒரு தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. "ஓட்டுநர் கண் அசந்ததே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது" என்ற அந்தத் தொடரோடு செய்தியும் முடிகிறது, பெரும்பாலும் விசாரணையும் முடிகிறது. அவர் மீது வழக்குப் பதிவாகிறது, உயிரோடு இருந்தால். ஆனால் அதற்கு முந்திய நாள் அவர் எங்கிருந்து எங்கே ஓட்டினார், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார், எத்தனை மணிக்கு மீண்டும் ஏற்றப்பட்டார், அந்த நடைக்கு அவரை அனுப்பியவர் யார் என்பவை கேட்கப்படுவதாகத் தெரியவில்லை. கண் அசந்தது காரணமாக இருக்கலாம். அசரும்வரை அவரை ஓட்ட வைத்தது அதற்கு முந்திய காரணம்.

சென்னையிலிருந்து தெற்கே போகும் பண்டிகை இரவு எப்படி நகர்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து அதைப் பார்க்க வேண்டுகிறேன். கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு கோயம்பேட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வரும் துன்பம் குறைந்தது உண்மை. ஆனால் முனையத்தைத் தாண்டியதும் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில், பரனூர் சுங்கச்சாவடி என்று, ஜிஎஸ்டி சாலை எனப்படும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஒவ்வோர் இடத்திலும் இறுகுகிறது. இரவு 9 மணிக்குக் கிளம்பும் பேருந்து செங்கல்பட்டைக் கடப்பதற்கே 12 மணியாகிவிடும் நாள்கள் உண்டு. கால் பிரேக்கிலும் கிளட்சிலும் மாறி மாறி அழுந்த, இருபுறமும் இருசக்கர வாகனங்கள் உரசிக்கொண்டு நுழைய, பின்னால் பயணிகள் சலித்துக்கொள்ள, அந்த மூன்று மணி நேரம் ஓர் இரவின் உழைப்பு முழுவதையும் உறிஞ்சிவிடுகிறது. திண்டிவனமும் விக்கிரவாண்டியும் தாண்டியதும் சாலை திடீரெனத் திறக்கிறது. இழந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் அங்கேதான் தொடங்குகிறது. உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் இடையில் வண்டி முழு வேகத்தில் போகும்போது மணி இரண்டிலிருந்து நான்கு. மனித உடல் எவ்வளவு பழகினாலும் தூக்கத்துக்குக் கீழ்ப்படியும் நேரம் அது. மார்கழிக் கடைசியும் தைத் தொடக்கமும் என்பதால் தாழ்ந்த வயல்வெளிகளில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வினாடி கண் மூடினால் பேருந்து ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்தைப் பார்வையில்லாமல் கடக்கிறது. பின்விளக்கு எரியாமல் இடது ஓரத்தில் நிற்கும் ஒரு லாரிக்கு அந்தத் தூரம் போதும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி அவ்வாண்டு நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள், 64,105, நம் மாநிலத்தில் நடந்தன. 17,884 பேர் உயிரிழந்தார்கள். நாடு முழுவதும் நடந்த விபத்துகளை மோதிய விதத்தைக் கொண்டு பிரித்தபோது, முன்னால் இருக்கும் வாகனத்தின் மீது பின்னாலிருந்து மோதுவதே முதலிடத்தில் நின்றது. அத்தகைய மோதல்களில் எத்தனை தூக்கத்தால் நேர்ந்தவை என்பதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அளவுக்கு மீறிய வேகம் என்ற தலைப்பு இருக்கிறது, மது என்ற தலைப்பு இருக்கிறது. தூக்கம் என்ற தலைப்பையும் விபத்து விசாரணைப் படிவத்தில் சேர்த்து, ஓட்டுநரின் முந்திய 24 மணி நேரத்தை எழுதிப் பதிவது தங்களால் இயலக்கூடிய முதல் வேலை என்று கருதுகிறேன்.

மதுவோடு ஒப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைகால்களின் ஒத்துழைப்பும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. குடித்தவரைக் கண்டுபிடிக்க வாயில் வைத்து ஊதும் கருவி இருக்கிறது. தூங்காதவரைக் கண்டுபிடிக்க அப்படி எந்தக் கருவியும் இல்லாததால், அவருடைய பணிப்பதிவேடு ஒன்றே அதற்குச் சாட்சி. அந்தப் பதிவேட்டைப் பண்டிகை இரவில் பார்க்கிறவர் யாரும் இல்லை.

சட்டம் இதை நினைக்காமல் இல்லை என்பதுதான் என்னை மேலும் வருத்துகிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேர ஓய்வாவது வேண்டும் என்றது. ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்குவதற்கிடையில் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. நெடுந்தொலைவு வழித்தடங்களையும் பண்டிகைக் காலங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, உரிய அலுவலரின் ஒப்புதலோடு கூடுதல் நேரம் வேலை வாங்கலாம் என்று தளர்த்திய அதே சட்டம், அப்போதும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்ற எல்லையை எந்நிலையிலும் தாண்டக் கூடாது என்று கோடு கிழித்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன், சாலைகள் குறுகலாக இருந்து வண்டிகள் மெதுவாக ஓடிய காலத்தில், பண்டிகையின் நெருக்கடியை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுதிய வரிகள் அவை. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். நெரிசல் இல்லாத இரவிலேயே பத்து மணி நேரத்தைத் தொடும் பயணம். அப்படியானால், பொங்கலுக்கு முந்திய இரவில் ஒரே ஓட்டுநரோடு கிளம்பும் ஒவ்வொரு தென்மாவட்டப் பேருந்தும் ஊர் போய்ச் சேரும் முன்பே அந்தச் சட்டம் வகுத்த எல்லையை மீறிவிடுகிறது.

ஒரு முறை நானே கண்டதைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முந்திய நாள் இரவு, ஒரு தனியார் பேருந்தில் முன்வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது. வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஓட்டுநரின் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். "காலைல மதுரைலேருந்து எடுத்தேம்மா. இப்பத் திரும்ப மதுரை. போய்ச் சேந்ததும் காலி வண்டியா மறுபடி இங்கதான்" என்றார். இரண்டாம் ஓட்டுநர் படுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் அன்று பயணிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பின் வரிசையில் ஒரு கைக்குழந்தை. விராலிமலை வரை நான் அவரோடு பேசிக்கொண்டே வந்தேன், என் தந்தையின் நடத்துநர் செய்ததைப் போல. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. அந்த இரவில் அது ஒன்று மட்டும் அப்படி ஓடியிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

உரிமையாளர்கள் சொல்லக்கூடிய மறுமொழியையும் நான் அறிவேன். ஆண்டில் சில நாள்களே வருமானம், இருக்கிற ஓட்டுநர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும், தவிரவும் ஓட்டுநர்களே கூடுதல் நடையைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பீர்கள். இறுதியில் சொன்னது உண்மை. பேட்டா என்னும் படிப்பணம் நடைக்கு இவ்வளவு என்று இருக்கும்வரை, பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க வேண்டிய வாரத்தில் எந்தத் தகப்பனும் தூங்கி அந்தப் பணத்தை இழக்கமாட்டார். ஆகவே ஓய்வை அவருடைய விருப்பத்துக்கு விடக் கூடாது. ஓய்வுக்கும் பேட்டா கொடுக்க வேண்டும். பண்டிகை நாள்களில் ஒரு நடை முடித்தவருக்கு 9 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கி, அந்த ஓய்வு நேரத்துக்குரிய தொகையைச் சேர்த்தே கட்டணத்தைக் கணக்கிடுங்கள். பயணச்சீட்டுக்கு அன்று நாங்கள் கொடுக்கும் விலையில் அது தாங்காத செலவாக இருக்க முடியாது.

அரசுக் கழகங்களின் நிலை வேறு. ஓட்டுநர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதை நிரப்ப வேண்டும் என்பது, 2024 ஜனவரியில் பொங்கலுக்குச் சில நாள்களே இருந்தபோது தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. பேருந்துகளைப் பிற வழித்தடங்களிலிருந்து திருப்பிவிடுவதைப் போல ஓட்டுநரையும் திருப்பிவிட முடியாது. பகலில் ஊருக்குள் நகரப் பேருந்து ஓட்டுகிறவரை, அந்த நெடுஞ்சாலையின் மேம்பாலங்களும் இணைப்புச் சாலைகளும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத நிலையில், இரவு நடைக்கு அனுப்புவது அவருக்கும் பயணிகளுக்கும் செய்யும் அநீதி. சிறப்புப் பேருந்துகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் முன், 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நடைக்கும் இரண்டு ஓட்டுநர்கள் என்று கணக்கிட்டு, அதற்கு எத்தனை பேருந்துகள் இயலுமோ அத்தனையை மட்டும் அறிவியுங்கள். எண்ணிக்கை குறைந்தால் எதிர்க்கட்சிகளும் நாளிதழ்களும் குறை சொல்லலாம். அந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளுங்கள்; நாங்கள் உடன் நிற்போம்.

குறைவதை ஈடுசெய்யவும் வழி இருக்கிறது. எல்லாரும் ஒரே இரவில் கிளம்புவதற்குப் பாதிக் காரணம் விடுமுறை அறிவிப்பே. 2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. நவம்பர் 1 வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையாக்கியது நல்ல முடிவு. ஆனால் இத்தகைய கூடுதல் விடுமுறை பண்டிகைக்குச் சில நாள்களோ சில வாரங்களோ இருக்கும்போதுதான் அறிவிக்கப்படுகிறது. ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறந்து, தென்மாவட்ட வண்டிகளில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே அரசு விடுமுறைப் பட்டியலோடு இந்த நாள்களையும் சேர்த்து வெளியிட்டால் குடும்பங்கள் ஒரு நாள் முன்பின்னாகப் புறப்படத் திட்டமிடலாம். அவ்வாறு புறப்படுவோருக்குக் காலை 5 மணிக்கும் 6 மணிக்கும் கிளம்பும் பகல் சிறப்புப் பேருந்துகளைக் குறைந்த கட்டணத்தில் விடுங்கள். வெளிச்சத்தில் ஓடும் ஒரு பேருந்து, இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டிய தேவையைக் குறைக்கிறது.

பேருந்து கிடைக்காமலும் கட்டணம் கட்டுப்படியாகாமலும் சென்னையிலிருந்து மதுரைக்கும் அதற்கப்பாலும் இருசக்கர வாகனத்தில் கிளம்பும் இளைஞர்களை ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்க்கிறோம். பின்னால் மனைவி, நடுவில் குழந்தை, பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு பை. 2022இல் நாட்டில் சாலையில் உயிரிழந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே நாள்களில்தான் பழனிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை போகிறவர்களும் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சாலைகளில் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடக்கிறார்கள். சபரிமலை மகர விளக்குக்குப் போய்த் திரும்பும் வேன்கள் ஓடுகின்றன. இவர்களுக்கு ஒளிரும் பட்டைகளைக் காவல் துறையினர் ஒட்டி அனுப்புவதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒளிரும் பட்டை, எதிரே வருகிறவரின் கண் திறந்திருந்தால்தான் தெரியும்.

நள்ளிரவுக்குப் பிறகு வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநரை முகம் கழுவச் செய்து, தேநீர் கொடுத்து அனுப்பும் பழக்கமும் சில மாவட்டக் காவல் துறையினரிடம் இருக்கிறது. அந்தக் காவலர்களின் அக்கறை பெரிது. ஆயினும் தண்ணீர் சில நிமிடங்களுக்கே உதவும். தேநீர் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்ட விளக்கு வசதியுள்ள திடலும், இருபது நிமிடம் கால் நீட்டிப் படுக்க ஓர் இடமும் இருந்தால் அது உண்மையான உதவியாகும். கிளாம்பாக்கத்துக்கும் திருச்சிக்கும் இடையில் குறைந்தது மூன்று இடங்களில், பண்டிகையின் பத்து நாள்களுக்காவது, தற்காலிகப் பந்தலிட்டு இதைச் செய்யலாம். சொந்தக் காரில் செல்வோரும், பிறர் காரைக் கூலிக்கு ஓட்டிச் செல்லும் ஆக்டிங் டிரைவர்களும் அங்கே நிறுத்துவார்கள். நின்ற நேரத்துக்காகப் பேருந்துப் பயணிகள் கத்தாமல் இருக்க, அந்த நிறுத்தம் கால அட்டவணையிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். தாமதத்துக்காக ஓட்டுநரைத் திட்டும் பயணிகளில் என் உறவினர்களும் உண்டு. ஊருக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்ற எங்கள் அவசரமும் அவருடைய காலை அழுத்துகிறது என்பதை மறைக்கவில்லை.

2021 டிசம்பர் 18 அன்று, இதே ஜிஎஸ்டி சாலையில் உள்ள மேல்மருவத்தூரில், 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கும் அந்தத் திட்டம், காசில்லாததால் ஓர் உயிர் போகக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்தது. விபத்துக்குப் பிந்திய 48 மணி நேரத்தை இவ்வளவு அக்கறையோடு எண்ணிய அரசிடம், விபத்துக்கு முந்திய 24 மணி நேரத்தையும் எண்ணுங்கள் என்று கேட்பது பொருத்தமான வேண்டுகோள் என்றே நம்புகிறேன்.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவைப்படாத ஒரு தொடக்கம் உண்டு. பேருந்தின் முகப்பில் ஊர்ப்பெயர் எழுதியிருப்பதைப் போல, படிக்கட்டின் அருகே ஒரு சிறு பலகையில், ஓட்டுநரின் முந்திய பணி முடிந்த நேரமும் இந்தப் பணி தொடங்கிய நேரமும் எழுதப்பட வேண்டும். பெயர் வேண்டாம், நேரம் போதும். முனையத்தை விட்டு வெளியேறும் வாயிலிலும் பரனூரிலும் விக்கிரவாண்டியிலும் நிற்கும் போக்குவரத்து ஆய்வாளர்கள், பர்மிட்டையும் கட்டணத்தையும் பார்ப்பதோடு அந்தப் பலகையையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 9 மணி நேர இடைவெளி இல்லாத வண்டியை மாற்று ஓட்டுநர் வரும்வரை நிறுத்தி வையுங்கள். அதற்கான தண்டத்தை ஓட்டுநரிடம் வாங்காமல் அவரை அனுப்பியவரிடம் வாங்குங்கள். ஏறுகிற பயணிகளும் அதைப் படிப்பார்கள்.

வரும் பொங்கலுக்கான முன்பதிவு தொடங்குவதற்கு முன், சிறப்புப் பேருந்துகளின் எண்ணிக்கையோடு ஓட்டுநர்களின் எண்ணிக்கையையும் ஓய்வு ஏற்பாட்டையும் வெளியிட வேண்டும் என்று தங்கள் அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் தந்தைக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவரையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகப்போகிறேன். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசை இருக்கையை இப்போதே கேட்டிருக்கிறார். இரவுப் பேருந்தில் அவர் இதுவரை ஒரு நாளும் தூங்கியதில்லை.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து ஒரு பயணி